மானா, ரானா, இம்மன்னா: மலையகம் எழுத்தைக் காதால் படித்த கதை

கோப்பிக் கன்றை எப்படி நடுவது, எப்படிப் பராமரிப்பது, பழத்தை எப்போது பறிப்பது என்றெல்லாம் சொல்லித்தரும் தமிழ்ப் புத்தகம் ஒன்று 1869 இல் அச்சாகி வந்தது. எழுதியவர் ஆபிரகாம் ஜோசப், இலங்கையின் கோப்பித் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர். புத்தகத்தின் பெயர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. விவசாயக் கையேட்டை யாராவது கும்மிப்பாட்டாக எழுதுவார்களா? ஜோசப் எழுதினார். காரணம் இலக்கிய ஆசை மட்டுமல்ல. அந்தப் புத்தகம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களில் பெரும்பாலோர் அதைக் கையில் எடுத்துப் படிக்கப் போவதில்லை. ஒருவர் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். கேட்டது மனதில் நிற்க வேண்டுமென்றால் பாட்டாக இருந்தால்தான் சரிப்படும்.

அந்தக் கும்மி தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் பக்கம் நின்று பாடியது என்று பின்னாளில் வந்த மலையக ஆய்வாளர்கள் குறைப்பட்டதுண்டு. நியாயமான குறைதான். ஒழுங்காக வேலை செய், பயிர் செழிக்கும் என்பதே அதன் சாரம். பயிரோ செழிக்கவில்லை. அதே 1869 இல்தான் மடூல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் மஞ்சள் துருநோய் கண்டது. இருபது வருடத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது. கும்மி பழசாகிப் போனது. ஆனால் எழுத்து என்பது கண்ணால் பார்ப்பதல்ல, காதால் கேட்பது என்ற அந்த ஏற்பாடு, அட்டன், தலவாக்கலை, நுவரெலியா மலைகளில் அதன்பிறகும் நூறு வருடத்துக்குக் குறையாமல் நீடித்தது.

விடியுமுன் தப்பு அடிக்கும். ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்துக்குப் போய் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளையின் கையில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு இருக்கும். அவர் பேர் வாசிப்பார். ஒரு நாளில் தோட்டத் தொழிலாளி கேட்கும் முதல் வாசிப்பு அதுதான். 'பேர்' என்ற சொல்லுக்கே தோட்டத்தில் ஒரு நாள் கூலி என்று பொருள் வந்துவிட்டது. பேர் போட்டால் சம்பளம், அரைப்பேர் போட்டால் பாதி. தன் பெயருக்கு எதிரே கணக்கப்பிள்ளை என்ன குறித்தார் என்பதை எட்டிப் பார்த்தாலும் புரியாது. எழுத்து பெரும்பாலும் இங்கிலீசில் இருந்தது.

தோட்டத்துக்கு வந்து சேருமுன்பே வேறோர் எழுத்தும் உண்டு. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆள்கட்டி வந்தவர்களின் கழுத்தில் தகரத் துண்டொன்று தொங்கியது. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதைக் காட்டும் எழுத்தும் இலக்கமும் அதில் குத்தப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக் கரையிலிருந்த மண்டபம் முகாமைத் தாண்டி மலை வரைக்கும் அந்த எழுத்தைச் சுமந்து வந்தவருக்கு அது வாசிக்கத் தெரியாது. தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபின் 'துண்டு' வேறு. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் ஆட்களையும் விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி தோட்டம் தோட்டமாகப் பேரம் பேசுவார். கடன் தொகை கூடிக்கொண்டே போகும். கடனுக்குப் பொறுப்பான ஆட்களுக்கோ சீட்டில் உள்ள தொகை வாய்வழியாகச் சொன்னால்தான் தெரியும். சொல்கிறவர் யார்? கங்காணிதான். 1921 இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். வாசிக்கத் தெரியாததன் விலை ரூபாய்க் கணக்கில் எவ்வளவு என்பதை மலையகம் கற்றுக்கொண்டது இந்தச் சீட்டில்தான்.

கடிதமும் அப்படித்தான். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கமிருந்து வரும் தபால் நேரே லயத்துக் காம்பராவுக்கு, அதாவது தொழிலாளர் வசிக்கும் வரிசை வீட்டின் அறைக்கு, வராது. முதலில் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கிருந்து கைமாறி, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் போய், லயத்து வாசலில் உரக்க வாசிக்கப்படும். அடுத்த காம்பராக்காரர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள். தனிக் கடிதம் என்று ஒன்று அந்தக் காலத்து லயத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் தனிமைக்கே இடமில்லாதபோது கடிதத்துக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

இதற்கு நேரெதிராக, பங்களாவில் ஒரு வாசிப்பு நடந்தது. ஸ்கொட்லாந்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ புதிதாக வந்திறங்கிய உதவித் துரையான சின்னத்துரை தமிழ் படிக்க வேண்டும். அவருக்காகவே கொழும்பில் கைப்புத்தகங்கள் அச்சாயின. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபெர்குசன் குடும்பத்து அச்சகத்திலிருந்து வந்த ஒன்றின் பெயர் 'இங்கே வா'. அட்டையிலேயே ஏவல்! பிறகு 1915 இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்ற பெயரில் ஒன்று போட்டார். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதி, பக்கத்தில் இங்கிலீஸ் பொருளைப் போட்டிருப்பார்கள். சின்னத்துரை அதை வாய்விட்டுப் படித்து, மறுநாள் மலையில் போய்ச் சொல்லிப் பார்ப்பார். கொழுந்தெடுக்கிற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். ரோமன் எழுத்து 'ழ'வுக்கும் 'ள'வுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை, 'ன'வுக்கும் 'ண'வுக்கும் காட்டுவதில்லை. ஆனாலும் அந்தப் புத்தகங்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன. ஏவல் வினை அத்தனையும் ஒருமையில் சொல்லிக்கொடுத்தன. பாட்டி வயதுக்காரியையும் 'வா, போ' என்று கூப்பிடும் துரைத்தமிழ் இப்படிப்பட்ட ஏட்டிலிருந்து வந்ததுதான், காதிலிருந்து அல்ல. லயத்தில் அந்த வயதுக்காரியை யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளின் கதைக்கு வருவோம். 1854 இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியது. சர்ச் மிஷனரி சங்கமும் சில துரைமாரும் சேர்ந்து நடத்திய காரியம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசிமாரைக் கொண்டுவந்தார்கள். உபதேசியார் தோட்டம் தோட்டமாக நடந்து போய், லயத்து வாசலில் நின்று வேதத்தை உரக்க வாசிப்பார். கேட்டவர்களில் எழுத்துக் கற்றவர் சிலர்தான் என்றாலும், மலைக்கு முதலில் வந்த தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் பல இப்படி நின்றுகொண்டே நடத்தப்பட்டவை என்று சொல்லலாம்.

அரசாங்கம் விழித்துக்கொள்ள இன்னும் ஐம்பது வருடம் ஆனது. 1907 ஆம் ஆண்டுக் கிராமியப் பாடசாலைச் சட்டம், தோட்டத்தில் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தர வேண்டியது துரையின் பொறுப்பு என்றது. வகுப்புக்கு ஒரு அறையும் ஒதுக்க வேண்டும். 1920 ஆம் ஆண்டுச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. காகிதத்தில் இருந்தது இவ்வளவு. நடைமுறையில் பல தோட்டங்களில் லயத்தின் கடைசிக் காம்பராவோ, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் ஓரமோ பள்ளிக்கூடம் ஆனது. வாத்தியார் ஒரே ஒருவர். ஐந்து வகுப்பும் அந்த ஒரே அறையில். பிள்ளைகள் பாதிநாள் கொழுந்து மலைக்கும் புல்லு வெட்டவும் போனார்கள். வாத்தியாருக்கும் பல இடங்களில் தோட்டத்தின் வேறு வேலைகள் இருந்தன. இந்தப் பள்ளிகளில் இருந்து எதிர்பார்த்தது அவ்வளவுதான்: கையெழுத்துப் போடத் தெரிய வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். கொழுந்து பறிக்கத் தெரிந்த விரல் அதிகம் படித்துவிட்டால் மலைக்கு வராது என்று துரைமார் பலர் நினைத்தார்கள், வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார்கள்.

ஆனால் அந்தக் காம்பராவில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். தரையில் மணல் பரப்பியிருக்கும். பிள்ளை விரலால் எழுதும். எழுதும்போதே வாய் சத்தமாகச் சொல்ல வேண்டும். 'ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா.' பிறகு 'கானா, காவன்னா, கீனா, கீயன்னா.' தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே கப்பலேறி வந்த முறை இது. எழுத்து கைவசப்பட்டதும் கூட்டல் தொடங்கும். 'மானா, ரானா, இம்மன்னா... மரம்.' 'மானா, லையன்னா... மலை.' எழுத்தின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, முழுச் சொல்லையும் ஒரே வீச்சில் சொல்ல வேண்டும். அந்த மூச்சு விடும் இடத்தில்தான் படிப்பு இருக்கிறது. மானாவும் ரானாவும் இம்மன்னாவும் சேர்ந்தால் 'மானாரானாஇம்மன்னா' அல்ல, 'மரம்' என்று பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடுகிற கணம் அது. சிலருக்கு ஒரு வாரத்தில் பிடிபடும். சிலருக்கு வருடம் ஆகும். பிடிபடாமலே மலைக்குப் போனவர்களும் ஏராளம்.

இது தமிழுக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை. பிரெஞ்சுப் பிள்ளைகளும் 'பே, ஆ... பா' என்று கூட்டித்தான் தொடங்கினார்கள். அவர்கள் பாடு இன்னும் கஷ்டம். சொல்லின் வாலில் நிற்கும் மெய்யெழுத்து பெரும்பாலும் வாயில் வராது. தங்கள் தலைநகரின் பெயரையே 'பாரி' என்று சொல்லிவிட்டு, எழுதும்போது கடைசியில் ஒரு ஊமை எழுத்தைச் சேர்க்க வேண்டும். கேட்டதை எழுதினால் பிழை, எழுதியதைப் படித்தாலும் பிழை. வாய்விட்டு வாசித்து, ஆசிரியர் திருத்தி, மறுபடி வாசித்துத்தான் அந்தப் பழக்கம் வரும். தமிழில் ஊமை எழுத்துத் தொல்லை இல்லை. வேறு தொல்லை உண்டு. ஒரே 'க' கப்பலில் ஒரு மாதிரி ஒலிக்கும், தங்கத்தில் வேறு மாதிரி, பகலில் இன்னொரு மாதிரி. தமிழ்ச் சொல்லில் இதற்கு விதி இருக்கிறது. சொல்லிக்கொடுக்காமலே நாக்கு அதைப் பின்பற்றும். ஆனால் மலையகத்துப் பிள்ளையைச் சுற்றி இருந்த பெயர்களில் பாதி தமிழ்ச் சொற்களே அல்ல. பொகவந்தலாவ, டன்சினன், நோர்வூட், சென்கிளேயர், டயகம. 'பொகவந்தலாவ' என்று பலகையில் எழுதி, மலையே பார்க்காத ஒருவரைப் படிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே இடறுவார். 'பூ'வில் வரும் 'ப'வா, 'பஸ்'ஸில் வரும் மெலிந்த 'ப'வா? எழுத்து சொல்லாது. அங்கே பிறந்த பிள்ளைக்குச் சந்தேகமே வராது. எழுத்தைப் பார்க்கும் முன்பே காது அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறது. ஊர்ப்பெயரை வாசிப்பதில் வெளியூர் வாத்தியாரை விட இரண்டாம் வகுப்புப் பிள்ளை கெட்டி.

சொல்வதெழுதலில் கதை தலைகீழ். வாத்தியார் வாசிப்பார், பிள்ளை எழுதும். அன்றாடம் வாயில் புரளும் 'கொழுந்து'தான் அதிகம் பிழையாக எழுதப்படும் சொற்களில் ஒன்று. லயத்துப் பேச்சில் அது 'கொளுந்து'. மழை 'மள', பழம் 'பளம்'. தாய் தகப்பன் பேசுவதைக் கேட்டபடி எழுதினால் வாத்தியாரின் பிரம்பு பேசும். தோட்டத்துப் பிள்ளைக்குத் தன் பேச்சு தவறு என்ற எண்ணம் முதன்முதலில் ஏற்பட்டது இந்தப் பயிற்சியில்தான். தவறு ஒன்றுமில்லை. தமிழ்நாட்டிலும் பாதிப் பேருக்கு 'ழ' வாயில் வராது. அவர்களைப் பார்த்துச் சிரிக்க ஆளில்லை, அவ்வளவே.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே, இரவில், இன்னொரு வகுப்பு நடந்தது. சென்னை பி. இரத்தின நாயக்கர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் அச்சிட்ட 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள் தமிழ்நாட்டிலிருந்து மலைக்கும் வந்து சேர்ந்தன. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள், தேசிங்குராஜன், மகாபாரதம். எழுத்துத் தடிமனாக இருப்பதால் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்திலும் வாசிக்கலாம். ஒருவர் ராகம் போட்டு இழுத்து வாசிப்பார், லயமே உட்கார்ந்து கேட்கும். இந்தக் கதைகள் கேட்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். காமன் கூத்திலும் அருச்சுனன் தபசிலும் பொன்னர் சங்கரிலும் ஊறிய காதுகள். கதை தெரிந்தவன் புத்தகத்தைக் கையில் எடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வரி மனதில் இருக்கிறது, அதைத் தாளில் தேடிக் கண்டுபிடித்தால் போதும். எழுத்துக் கூட்டத் தெரிந்த அளவோடு பள்ளியை விட்டவர்களில் பலர், தட்டுத் தடுமாறாமல் வாசிக்கப் பழகியது இப்படித்தான் என்று நம்ப இடமிருக்கிறது. தெரிந்த பாட்டில் தெரியாத எழுத்தைக் கற்பது எளிது.

இந்தச் சூட்சுமத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். 1919 வாக்கில் புடவை வியாபாரி போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைப் பார்த்தவர். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்ற கெடுபிடி இருந்த காலம் அது. 1924 இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். பத்திரிகை துரைமாருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பத்திரிகையின் பிரதிகளை எண்ணி அதன் வாசகர்களை எண்ணிவிட முடியாது. ஒரு பிரதி ஒரு லயத்துக்குப் போதும். 1931 இல் அட்டனில் தொழிலாளர் சங்கம் அமைத்தபோது, அவர் எழுதிய துண்டுப்பிரசுரங்களும் சிறு நூல்களும் அந்த வழியில்தான் பரவின. கங்காணியின் கொடுமையை 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்று நாடகமாகவே எழுதினார். நாடகத்தை ஒருவர் மட்டும் மனதுக்குள் படிப்பதில்லை. குரலை மாற்றி மாற்றிப் படிக்கத் தூண்டும் எழுத்து அது.

அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போனார். கூட்டம் தொடங்குமுன் மேடையேறிப் பாடுவார். பாரதி பாட்டையும், தானே கட்டிய பாட்டையும் ஜனங்களுக்குப் பழக்கமான மெட்டில் பாடுவார். இலங்கையில் இந்தியர்களின் நிலைமையைச் சொல்லும் அவர் பாடல்கள் 1940 இல் சிறு நூலாகவும் வந்தன. கூட்டத்தில் கேட்ட பாட்டு, பிறகு கையில் அச்சாகக் கிடைக்கிறது. அரிச்சுவடிக்கு இதைவிட நல்ல துணைப்பாடம் கிடைக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த வருடம் ஜனவரியில்தான் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி விழுந்தார். சம்பளத்துக்காக மலை முழுக்க வேலைநிறுத்தம் பரவிய காலம். சங்கத்தின் சுற்றறிக்கையைத் தோட்டத் தலைவர் வாசிக்க, ஆட்கள் கேட்க, கேட்டவர்கள் அடுத்த லயத்தில் சொல்ல, செய்தி மலையேறியது. 1930 இல் 'வீரகேசரி'யும் 1932 இல் 'தினகர'னும் வந்திருந்தன. கொழும்பிலிருந்து ரயிலில் வரும் கட்டு அட்டன் ஸ்டேசனில் இறங்கும். சலூனிலும் தேத்தண்ணிக் கடையிலும் ஒருவர் உரக்க வாசிப்பார்.

கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் இதற்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான். 1865 முதல் அங்கே தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, மேடையில் ஒருவர் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் வாசிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது தொழிலாளர்கள்தான். அடுத்த வருடமே அரசாங்கம் பயந்துபோய்த் தடை போட்டது. தேயிலை மலையில் அப்படி வாசிக்க வழியில்லை. கொழுந்தெடுப்பவர்கள் நிரை பிடித்து மேலேறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு குரல் எட்டாது. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குள்ளோ இயந்திரத்தின் இரைச்சல். அதனால்தான் மலையக வாசிப்பு முழுக்க முழுக்க வேலை முடிந்த இரவுக்குத் தள்ளப்பட்டது. அசதியோடு கேட்டார்கள். கேட்கப் பெண்கள் எத்தனை பேருக்கு நேரம் இருந்தது என்பது வேறு கேள்வி. விறகும் தண்ணீரும் சமையலும் அவர்கள் தலையில்தான்.

உரக்க வாசித்தல் உயிர்ப்பிரச்சினையானது குடியுரிமைக் காலத்தில். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949 ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். கலியாணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம் இலங்கையில் தொடர்ந்து இருந்ததைக் காகிதத்தில் காட்ட வேண்டும். காகிதமோ பல இடத்தில், பல கையால் எழுதப்பட்டது. செக்ரோலில் இங்கிலீஸ் கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர். பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் தன் மொழிக் காதால் கேட்டு எழுதிய பெயர். பள்ளிக்கூட இடாப்பில் வாத்தியார் இலக்கணப்படி திருத்தி எழுதிய பெயர். வீட்டில் 'லெச்சுமி', ஒரு காகிதத்தில் 'லெட்சுமி', இன்னொன்றில் 'இலட்சுமி', இங்கிலீசில் நாலு விதம். வாயால் சொன்னால் ஒரே ஆள். எழுத்தில் பார்த்தால் நாலு பேர். விசாரணைக்குப் போனவர்களுக்கு இந்த எழுத்துப் பிசகு எவ்வளவு பெரிய வில்லங்கம் ஆனது என்பதை மலையகத்தில் எந்தப் பழைய ஆளைக் கேட்டாலும் சொல்வார்.

பிறகு 1964 அக்டோபர் 30 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 1,50,000 பேர் விவகாரத்தைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். மறுபடியும் படிவம், மறுபடியும் படித்துச் சொல்ல ஆள். படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறியிடுகிறோம் என்பது எந்த நாட்டில் சாகப் போகிறோம் என்பதைத் தீர்மானித்தது. படித்துச் சொன்னவர் சரியாகப் படித்தாரா என்று சரிபார்க்க முடியாத நிலையிலேயே பலர் விரல் ரேகை வைத்தார்கள். இந்தியா போனவர்களில் ஒரு பகுதியினர் கோத்தகிரியிலும் கூடலூரிலும் தமிழ்நாட்டு அரசு 1968 முதல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். அதன் பின் கடிதங்களின் திசை மாறியது. நீலகிரியிலிருந்து அட்டனுக்கு வந்தன. வாசலில் உரக்க வாசிக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இதற்கிடையில் தோட்டத்துப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பைத் தாண்டி நகரத்துப் பள்ளிக்கு வந்து சேர்ந்த சிறு கூட்டம் ஒன்று உருவாகியிருந்தது. பூண்டுலோயா மடகும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆசிரியராகி, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். காதில் இருந்ததைத் தாளுக்குக் கொண்டுவந்த வேலை அது. அட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்து அதிபரான இர. சிவலிங்கத்தின் மாணவர்கள் 1960-களில் மேடைப் பேச்சிலும் நாடகத்திலும் தேறினார்கள். அந்தத் தலைமுறையின் எழுத்தைப் படித்தால் வாய்விட்டுச் சொல்வதற்காக எழுதியது போலவே இருக்கும். நீண்ட வாக்கியம், அடுக்கு மொழி, மூச்சு வாங்கும் இடம் எல்லாம் தெரியும்.

தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாயின. அதன் பிறகு 1970-களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1945 இல் வந்த இலவசக் கல்வி மலைக்கு ஏறி வர முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. வாத்தியார் போதவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். அக்கறையோடு வேலை செய்தவர்கள் நிறையப் பேர். ஆனால் வாசிப்பு வகுப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. யாழ்ப்பாண வழக்கில் இங்கிலீசின் நுனிநாக்கு 't' ஒலியை 'ர' போட்டு எழுதுவார்கள். 'ரொபி' என்று எழுதிவிட்டு, வாயில் இங்கிலீஸ்காரனைப் போலவே சரியாகச் சொல்வார்கள். ரெலிபோன், ரிக்கற் எல்லாம் அப்படித்தான். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. எழுத்தில் உள்ளபடி 'ரொபி' என்று கணீரென்று வாசித்தான். கடையில் அவன் கேட்டு வாங்குவது 'டொபி'. இரண்டும் ஒரே இனிப்பு என்று அவனுக்கு யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். தமிழ் எழுதுவது போலவே படிக்கிற மொழி என்று பெருமைப்படுகிறவர்கள், கொட்டகலையில் ஒரு மூன்றாம் வகுப்பில் அன்று உட்கார்ந்திருக்க வேண்டும்.

1980 இல் இலங்கை அரசு எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடநூலை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. மலையக வாசிப்பின் வரலாற்றில் இதைப் பெரிய திருப்பம் என்று சொல்ல வேண்டும். சட்டங்களை விடப் பெரியது. அதுவரை வகுப்புக்கு ஓரிரு புத்தகம். ஒருவன் வாசிக்க மற்றவர்கள் கூடச் சொல்ல வேண்டியிருந்தது வறுமையால்தான், கல்விக் கொள்கையால் அல்ல. கையில் சொந்தப் புத்தகம் வந்ததும் பிள்ளை ஒன்று முதன்முறையாக மூலையில் உட்கார்ந்து, உதடு அசையாமல் படிக்க முடிந்தது. 1986 இலிருந்து சுவீடன் நாட்டு உதவியோடு தோட்டப் பள்ளிகளுக்கான மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலைப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. லயத்தில் பிறந்தவர்களே ஆசிரியர்களாகத் திரும்பி வந்தார்கள். 'கொளுந்து' என்று சொல்கிற பிள்ளையைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்பு வராது. அவர்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்வார்.

கூட்டாக உரக்க வாசிக்கும் பழக்கத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு என்பதையும் இந்த ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைப்பருவத்திலிருந்தே அறிவார்கள். முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் பாடத்தைச் சொல்லும்போது, எழுத்தே தெரியாத பிள்ளையும் கூடச் சேர்ந்து பிழையில்லாமல் சொல்லிவிடும். பாடம் காதில் ஏறியிருக்கிறது, கண்ணில் ஏறவில்லை. நாலாம் வகுப்பு வரைக்கும் கூட இப்படியே தப்பி வந்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்கப் பழைய வாத்தியார்களிடம் ஒரு வழி இருந்தது, இன்றும் சிலர் கையாள்கிறார்கள். புத்தகத்தைத் திறந்து, பாடத்தின் முதல் வரியைத் தொடாமல், பக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்து, அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு சொல்லாகப் படிக்கச் சொல்வார்கள். மனப்பாடம் அப்போது உதவாது. மானா, ரானா, இம்மன்னா என்று மறுபடியும் முதலிலிருந்து கூட்டித்தான் ஆக வேண்டும்.